காந்தள் காய்த்த வருஷம்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூரை எட்டுவதற்கு முன்பாக வருகிற பென்னலூரில், லாரிகளின் இரைச்சல் இரவு பகல் என்ற பேதமின்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிற ஒரு தெருவின் கோடியில், என் பாட்டனார் கட்டிய ஓட்டு வீட்டின் கொல்லைப்புறத்தில், ஏறக்குறைய ஐந்து சென்ட் நிழல் எனக்குச் சொந்தமாக இருந்தது. பட்டாவில் எழுதியிருப்பது நிலந்தான். ஆனால் அந்த இடத்தின் சுபாவத்தையும், அங்கே எது தழைக்கும் எது தழைக்காது என்பதையும் நிர்ணயித்தவை ஒரு பெரிய புங்கமரமும், இரண்டு மாமரங்களும், மதிலுக்கு அப்பாலிருந்து கிளை நீட்டிய பக்கத்து வீட்டுப் புளியமரமுமே. ஆகையால் அதை நிழல் என்று சொல்வதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

பள்ளி ஆசிரியர் உத்தியோகத்திலிருந்து நான் ஓய்வு பெற்ற வருஷம், அந்த நிழலில் கத்தரியும் தக்காளியும் வெண்டையும் வைத்துப் பார்த்தோம். செடிகள் வெளிச்சத்தைத் தேடி நெடுநெடுவென்று வளர்ந்து, வெளிறி, ஒரு பிஞ்சும் விடாமல் சாய்ந்தன. வந்து பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள்: மரத்தைக் கழித்துவிடுங்கள். என் மனைவிக்கும் அந்த அபிப்பிராயம் ஓரளவு சம்மதமாகவே இருந்தது. மரம் ஏறுகிற ஆளை வரச்சொல்லி நாளும் குறித்தாகிவிட்டது. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் புங்கமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தபோது, உதிர்ந்த இலைகளின் அடியிலிருந்து மழை ஈரத்தோடு கிளம்பிய வாசனை, ஐம்பது வருஷத்துக்கு முந்திய ஒரு தோப்புக்குள் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது. மரம் ஏறுகிறவருக்கு மறுநாள் காப்பி கொடுத்து, கூலியில் பாதியும் கொடுத்து, அனுப்பிவிட்டேன்.

அந்தத் தோப்பு எங்கள் ஊர் ஏரிக்குக் கீழண்டையில் இருந்த ஐயனார் கோயில் தோப்பு. ஐம்பதுகளின் கடைசியில், நான் எட்டு ஒன்பது வயதுப் பையனாக இருந்த காலத்தில், என் ஆயாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அதற்குள் போய்வருவேன். ஆயா கைவைத்தியம் தெரிந்தவள். ஊரில் பிள்ளை பெற்றவளுக்கும், சூடு பிடித்தவனுக்கும், பூச்சி கடித்த குழந்தைக்கும் வேரோ இலையோ கேட்டு ஆள் வராத நாள் அபூர்வம். தோப்புக்குள் நுழைவதற்கு முன் செருப்பைக் கழற்றிவிடுவதும், உள்ளே போனபின் குரலைத் தாழ்த்திக்கொள்வதும் அவள் வழக்கம். பாலையும் வீரையும் காட்டு எலுமிச்சையும் காயாவும் கிளையோடு கிளை பின்னி நின்ற அந்தக் கூரையின் கீழே, உச்சிவேளையிலும் வெயில் காசு காசாகத்தான் தரையில் விழும். அந்தத் தரையிலே, ஊரில் வேறெங்கும் காணக்கிடைக்காத ஒரு சிறிய ஜனக்கூட்டம் போல, நன்னாரியும் நிலப்பனையும் காட்டுக் கருணையும் மருளும் தண்ணீர்விட்டானும் காட்டுக் கனகாம்பரமும் தத்தமக்கென்று ஓர் இடம் பார்த்துக் குடியிருந்தன. கோயிலைச் சுற்றியிருந்த திட்டின் ஓரத்தில், களாப்புதரின் மேல் தொற்றி ஏறி, கார்த்திகை மாதத்தில் நெருப்புப் பிடித்தாற்போல் பூத்து நின்றது செங்காந்தள்.

ஒருநாள் விளையாட்டாக ஒரு குச்சியை எடுத்து மரத்தடிச் சருகைக் கூட்டிக் குவித்தேன். ஆயா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். “கூட்டாத கண்ணு, அது கீய தூங்கினு கீது” என்றாள். எது தூங்குகிறது என்று கேட்டதற்கு, குந்தி உட்கார்ந்து, நான் கூட்டிய சருகையெல்லாம் இரண்டு கையாலும் அள்ளி, இருந்த இடத்திலேயே பரப்பிவிட்டு, “மழ வந்தா தெரியும்” என்று மாத்திரம் சொன்னாள். ஆடியில் முதல் மழை விழுந்து சில நாள் சென்றபின் அழைத்துப்போய்க் காட்டினாள்: அந்தச் சருகைத் துளைத்துக்கொண்டு, பச்சைப் பாம்பின் தலையைப்போல வழவழவென்று ஒரு முளை விரற்கடை உயரம் எழும்பி நின்றது. தொடவிடவில்லை. காந்தளின் கிழங்கு ஆளைக் கொல்லும் விஷம் என்பதையும், அதனாலேயே அதைப் பெண்பிள்ளைகள் இருக்கிற வீட்டில் வைக்கமாட்டார்கள் என்பதையும் திரும்பி வரும் வழியில் சொன்னாள். அவள் சொன்னதன் துயரமான பொருள் எனக்கு விளங்க வெகுகாலம் ஆயிற்று.

எங்கள் தோப்பைப் போன்ற காடுகளுக்கு, உலர்நிலப் பசுமைமாறாக் காடு என்று பெயர் என்பதைப் பிற்காலத்தில் படித்தேன். இந்தியக் காடுகளை வகைப்படுத்தி 1936-இல் சாம்பியன் என்பவர் எழுதிய நூலில் அதற்குத் தனி இடம் தரப்பட்டிருக்கிறது. மழை பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகையில் மாத்திரம் கொட்டிவிட்டு மற்ற மாதங்களில் கைவிடுகிற சோழமண்டலக் கரையோரத்தில், இலையை முற்றிலும் உதிர்க்காமல் வருஷம் முழுவதும் பச்சையாக நிற்கிற இந்தக் காடு, இன்றைக்குப் பெரும்பாலும் ஐயனார்களின் தயவில்தான் உயிரோடிருக்கிறது. மரக்காணத்துக்குத் தெற்கே புதுப்பட்டில் மஞ்சனீசுவரர் ஐயனார் கோயிலைச் சூழ்ந்திருக்கும் காட்டைப் பார்த்துவர ஒருமுறை போனேன். எங்கள் தோப்பு முழுமையாக இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதை அங்கேதான் கண்ணால் கண்டேன். 1968-இல் தோன்றிய ஆரோவில்லில், செம்மண் பொட்டலாகக் கிடந்த மேட்டில் இதே காட்டு மரங்களை விதைபோட்டு எழுப்பியிருப்பதையும் அந்தப் பிரயாணத்திலேயே பார்த்தேன். மரம் வந்து, நிழல் விழுந்து, சருகு சேர்ந்த பிறகுதான் தரைச்செடிகளுக்கு முறை வருகிறது என்பதை அந்த இடம் நன்றாக உணர்த்தியது. எனக்கோ மரமும் நிழலும் சருகும் பாட்டனார் புண்ணியத்தில் ஏற்கெனவே தயாராக இருந்தன. குடியிருப்போர்தான் வரவேண்டியிருந்தது.

எங்கள் ஊர்ப்பக்கத்து மண்ணுக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய பாத்தியதையும் உண்டு என்று சொல்லவேண்டும். ஸ்ரீபெரும்புதூர்ப் படுகை என்று புவியியல் அறிஞர்கள் பெயரிட்டிருக்கும் வெளிறிய களிப்பாறையில், சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே தழைத்திருந்த பெரணிகளும், சைக்கஸ் மரத்தை ஒத்த செடிகளும், ஓலைச்சுவடியில் எழுத்துப் பதிந்ததுபோல் தம் இலைகளைப் பதித்துவைத்துப் போயிருக்கின்றன. கிணறு தோண்டும்போது அப்படிப்பட்ட ஒரு துண்டு கிடைத்தது என்று என் வகுப்புப் பையன் ஒருவன் கொண்டுவந்து கொடுத்தான். இறகைப் போன்ற அந்தச் சிற்றிலையின் நரம்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. அது இன்னும் என் மேஜைமேல் இருக்கிறது.

தோப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1996-க்குப் பின் இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கி, ஒரகடம் வல்லம் என்று தொழிற்சாலைகள் அடுத்தடுத்து எழும்பியபோது, எங்கள் ஊரைச் சுற்றியிருந்த மேய்ச்சல் தரைகளும் புதர்க்காடுகளும் மனைகளாகவும் கிடங்குகளாகவும் மாறின. பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தது, ஓட்டுவீடுகள் மாடிவீடுகளாயின, அதையெல்லாம் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் தோப்பின் ஓரமாக ஒரு பாதையை அகலப்படுத்தியபோது, கோயிலைத் தொடாமல், கோயிலைச் சுற்றியிருந்த தோப்பில் பாதியை எடுத்துவிட்டார்கள். காந்தள் ஏறியிருந்த களாப்புதர் போன பக்கத்தில்தான் இருந்தது. செய்தி கேட்டு நான் போய்ச் சேர்ந்தபோது, புரட்டிப்போட்ட சரளைமண்ணில் கலப்பை வடிவத்துக் கிழங்குகள் சில நசுங்கிக் கிடந்தன. அன்று நான் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

எஞ்சிய பாதியில், 2013-ஆம் வருஷம் தை மாதத்தில் விதை எடுக்கப் புறப்பட்டேன். மதில் ஓரத்தில் மிஞ்சியிருந்த இரண்டே காந்தள் கொடிகள் காய்ந்து வைக்கோல் நிறமாக இருந்தன. அவற்றில் மூன்று காய்கள் வெடித்து, மூன்று மடலாக விரிந்து, உள்ளே குன்றிமணியைவிடச் சற்றுச் சிறிதான, ஆரஞ்சும் சிவப்பும் கலந்த விதைகளைக் காட்டிக்கொண்டிருந்தன. ஒரு காயை அப்படியே விட்டுவிட்டு மற்ற இரண்டிலிருந்து எண்பது விதைகள் எடுத்தேன். அத்துடன் தண்ணீர்விட்டான் பழம் ஒரு கைப்பிடி, நன்னாரியின் இரட்டைக் காய்கள் ஐந்தாறு, காட்டுக் கனகாம்பரத்தின் காய்ந்த கதிர்கள், இவ்வளவுதான் என் மூலதனம்.

விதைச்சட்டிகளுக்கு நான் அலையவில்லை. தொழிற்சாலைகளில் உதிரிபாகங்கள் வந்திறங்கும் கறுப்புப் பிளாஸ்டிக் தட்டுகள், குழிகுழியாக, அடியில் ஓட்டையோடு, சுங்குவார்சத்திரம் சாலையில் ஒரு காயலான் கடையில் எடைக்குக் கிடைத்தன. செம்மண் ஒரு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, மக்கிய புங்க இலை இரண்டு பங்கு கலந்து நிரப்பினேன். அங்கேதான் என் தவறும் தொடங்கியது. ஆயுள் முழுவதும் அவரைக்கும் பூசணிக்கும் பழகிய கை. காந்தள் விதையில் நாற்பதை அந்தத் தை மாதத்திலேயே ஊன்றி, வெயில் நன்றாகப் படும் இடத்தில் வைத்து, காலையும் மாலையும் பூவாளியால் தண்ணீர் தெளித்து, ஒருவாரம் கழித்து மண்ணைக் கிளறிக் கிளறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. மாசி முடிவதற்குள் பெரும்பாலான விதைகள் பஞ்சுபோல் பூஞ்சணம் பூத்து, விரலால் அழுத்தினால் குழைந்துபோகிற நிலைக்கு வந்துவிட்டன.

மற்ற நாற்பதும் தப்பியதற்கு ஆயாதான் காரணம். அவள் எந்தக் காட்டு விதையையும் எடுத்தவுடன் போடமாட்டாள். அடுப்புச்சாம்பலில் புரட்டி, சுரைக்குடுக்கையில் போட்டு, அடுக்களைப் பரணில் வைத்து, கத்திரி வெயில் முழுவதும் அதன்மேல் ஓட்டுச்சூடு இறங்கவிட்டு, ஆடி பிறந்தபிறகுதான் எடுப்பாள். அந்த ஞாபகத்தில், வேண்டா வெறுப்பாக, பாதியைச் சாம்பலில் போட்டுவைத்திருந்தேன். ஆடிப்பெருக்கு கழிந்து அவற்றை நிழலில் விதைத்து, மேலே மண் போடாமல் சருகை மாத்திரம் பரப்பி, மழை பெய்தால் சரி, பெய்யாவிட்டால் மூன்று நாளைக்கு ஒருமுறை கையால் தெளிப்பது என்று வைத்துக்கொண்டேன். புரட்டாசி நடுவில், ஒருநாள் விடியற்காலையில், சருகுக்கு நடுவே ஊசிபோல் ஒன்று, மறுநாள் இன்னொன்று, தீபாவளிக்குள் பதினொன்று. தையில் ஊன்றி அழுகிய தட்டையும் நான் அலட்சியமாகப் புங்கமரத்தின் பின்னால் தூக்கிவைத்து மறந்திருந்தேன். அதிலும் பதினெட்டு மாதம் கழித்து, அடுத்த ஆடியில், மூன்று முளைகள் வந்து நின்றன. அந்த மூன்று விதைகளும் என் அவசரத்தையும், என் தண்ணீரையும், என் கிளறலையும் பொறுத்துக்கொண்டு அத்தனை நாள் உள்ளே கிடந்திருக்கின்றன என்பதை நினைத்தபோது எனக்கு உண்மையாகவே கூச்சமாக இருந்தது.

அமெரிக்கக் காடுகளில் ட்ரில்லியம் என்று மூன்று இதழ் கொண்ட ஒரு நிழற்செடி இருக்கிறது. அதன் விதை ஒரு பனிக்காலம் மண்ணுக்குள் கிடந்தால் வேர் விடும். இரண்டாவது பனிக்காலமும் கழிந்தால்தான் இலை மேலே வரும். பூக்கப் பின்னும் பல வருஷம் ஆகும். அந்நாட்டுத் தோட்டக்காரர்கள் விதையைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து அந்தப் பனிக்காலத்தைப் போலியாக உண்டாக்குகிறார்களாம். அங்கே விதை குளிரை எண்ணுகிறது. இங்கே கோடையை எண்ணுகிறது. முளைக்கலாம் என்ற அனுமதி கிடைக்கும்வரை இரண்டும் ஒரே விதமாகக் கண்மூடிக் கிடக்கின்றன. என் ஆயாவின் பரண்தான் எங்கள் ஊர்க் குளிர்பதனப் பெட்டி.

மற்றவற்றின் வரலாற்றை விஸ்தரிக்கப் போவதில்லை. தண்ணீர்விட்டான் விதை என் தட்டில் அடம்பிடித்தது. ஆனால் சின்னான் குருவி பழத்தைத் தின்று மாங்கிளையில் உட்கார்ந்து எச்சமிட்ட இடத்தில் தானாகவே நான்கு கன்றுகள் வந்தன. பிற்பாடு அந்த வேலையைக் குருவிகளிடமே விட்டுவிட்டேன். நன்னாரி விதையின் தலையில் வெள்ளிப் பட்டுநூல் போன்ற குஞ்சம் உண்டு. காய் வெடிக்கும் தருணத்தில் நூல் கட்டி வைக்காவிட்டால் காற்று வாரிக்கொண்டு போய்விடும். புதிதாக விதைத்தால் சுலபமாக முளைக்கிறது, ஆறுமாதம் வைத்திருந்தால் எனக்கு முளைக்கவில்லை. நிலப்பனை விதையை மண்ணுக்குள்ளேயே ஒளித்துவைத்துக்கொள்கிற செடி. மஞ்சள் நட்சத்திரம் போன்ற பூ தரையோடு தரையாகப் பூக்கும், காய் இலைக்காம்புகளின் அடியில் புதைந்திருக்கும். விதைக்காகப் பட்ட பாட்டை நிறுத்திவிட்டு, நீண்டு வளைந்து தரையைத் தொட்ட இலைநுனியின்மேல் ஒரு சிறு கல்லை வைத்தேன். இரண்டு மாதத்தில் அந்த நுனியிலேயே ஒரு குழந்தைச்செடி வேர்விட்டிருந்தது.

காட்டுக் கனகாம்பரத்தைப் பற்றி மாத்திரம் இரண்டு வார்த்தை கூடச் சொல்லவேண்டும். பெண்கள் தலையில் சூடுகிற கனகாம்பரம் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான காட்டுச்செடி என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. அதன் காய்ந்த கதிரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு துளி தண்ணீர் விட்டால், சில விநாடி ஒன்றும் நேராது; பிறகு ‘டிக்’ என்று ஒரு சத்தம்; பிறகு இன்னொன்று; விதைகள் நான்கு பக்கமும் தெறிக்கும். என் பேத்தி நான்கு வயதில் இதைக் கண்டுபிடித்து, வீட்டில் இருந்த அத்தனை கதிரையும் டம்ளர்த் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்துக் கூடம் முழுவதும் விதைத்துவிட்டாள். தெறித்த விதையைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தால், அதன்மேல் ஒட்டியிருக்கும் செதில்கள் பிரிந்து, விதை ஒரு சிறு கடற்பஞ்சுபோல் உப்புகிறது. மழை வந்த அந்தக் க்ஷணத்தில்தான் வெளியே வரவேண்டும், வந்தவுடன் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு மண்ணில் ஒட்டவேண்டும் என்று அந்தச் செடி செய்துகொண்டிருக்கிற ஏற்பாட்டை, எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையில் என் தட்டுகளில் பாதி மிதந்து போயின. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அடுத்த வருஷம் டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் வந்தது. பிற்பகல் முழுவதும் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஓடுகள் பறக்கும் சத்தத்தினிடையே, நிலம் அதிர, பெரிதாக ஒன்று விழுந்த சத்தம் கேட்டது. என் மனைவி ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் காலையில் பார்த்தபோது, புங்கமரம் வேரோடு சாய்ந்து, ஒரு மாமரத்தையும் முறித்துக்கொண்டு, கொல்லை முழுவதும் படுத்திருந்தது. அந்த இடத்தில் நான் என் வாழ்நாளில் கண்டிராத அளவு வானம் தெரிந்தது.

2017-இன் கோடையை நான் மறக்க முடியாது. பச்சைத் துணிப்பந்தல் கட்டிப் பார்த்தேன். மிச்சமிருந்த மாமரத்தின் நிழலுக்குத் தட்டுகளைக் காலையும் மாலையும் இடம் மாற்றினேன். நிலப்பனையின் இலைகள் காகிதம்போல் கருகின. நன்னாரி தரைக்குமேல் இல்லாமலே போயிற்று. இத்தனை வருஷப் பிரயத்தனமும் ஒரு பிற்பகலில் தீர்ந்தது என்றே நினைத்தேன். ஆனால் புங்கமரத்தின் சருகுப் படுகையை மாத்திரம், மரத்தை அறுத்து எடுத்தவர்கள் கூட்டி எரிக்க முயன்றபோது, நான் விடவில்லை. ஆயா என்னிடம் சொன்ன அதே சொல்லை அவர்களிடம் சொன்னேன். அவர்கள் விளங்காமல் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஆடியில் மழை விழுந்தது. சருகின் கீழிருந்து நிலப்பனை வந்தது, நன்னாரி வந்தது, காட்டுக் கருணை வந்தது. நான்கு வருஷமாக மெலிந்த இலைகளோடு முழங்கால் உயரத்துக்கு மேல் எழும்பாமல் இருந்த காந்தள் கொடிகள், அந்த வருஷம் இலைநுனிகளைப் பற்றுக்கம்பியாகச் சுருட்டி, விழுந்த மரத்தின் மொட்டைக் கிளையைப் பிடித்துக்கொண்டு ஆள் உயரம் ஏறி, கார்த்திகையில் முதன்முதலாகப் பூத்தன. தோப்பிலே காந்தள் நடுவில் நிற்கவில்லை, திட்டின் ஓரத்தில் களாப்புதரின்மேல் தலையை வெயிலில் நீட்டிக்கொண்டுதான் நின்றது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடி நிழலிலும் முடி வெயிலிலும் இருக்க விரும்புகிற செடியை, அன்பின் மிகுதியால், நான் நான்கு வருஷம் இருட்டில் அடைத்து வைத்திருக்கிறேன். சிறுவயதில் நாள்தோறும் பார்த்த காட்சிதான். ஆனாலும் அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு புயல் வேண்டியிருந்தது.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கும்போது காந்தளைக் கொண்டு தொடங்குகிறார் என்பதும், அது நம் மாநில மலர் என்பதும் எல்லாரும் அறிந்தவை. அதன் பூவை ஐந்தாறு நாள் தொடர்ந்து பார்த்திருப்பவர்கள் குறைவு. தலைகீழாகத் தொங்கும் மொட்டு விரியும்போது ஆறு இதழும் பச்சை கலந்த மஞ்சள். மறுநாள் விளிம்பு நெளிந்து, இதழ்கள் மேல்நோக்கி மடிந்து, நுனியில் சிவப்பு இறங்கத் தொடங்கும். கடைசியில் முழுப்பூவும் செக்கச்செவேல் என்று ஆகி வாடும். ஆறு கேசரங்களும் சக்கரத்தின் ஆரங்கள்போல் நாலாபுறமும் விரிந்திருக்க, சூலகத்தின் தண்டு மாத்திரம் அடியிலேயே செங்கோணமாக மடங்கி, தன் பூவின் மகரந்தம் தன்மேல் படாதபடி ஒருபக்கமாக விலகி நீண்டிருக்கும். நான் அந்த மடக்கை அழகென்று மாத்திரம் எண்ணினேன். அதனாலேயே 2017-இலும் 2018-இலும் பூத்த பூவெல்லாம் ஒரு காயும் வைக்காமல் உதிர்ந்தன. தோப்பில் பெரிய பட்டாம்பூச்சிகளும் தேன்சிட்டுகளும் அந்த வேலையைச் செய்தன; லாரிச் சாலையோரக் கொல்லைக்கு அவை எப்போதாவது வந்துபோயின, அவ்வளவுதான்.

2019-இல் எங்கள் மாடி அறையில் தொழிற்சாலைக்குப் போகிற மூன்று பெண்கள் வாடகைக்கு வந்தார்கள். அவர்களில் ஒரு பெண் தாராபுரத்தை அடுத்த மூலனூர்ப் பக்கத்தவள். ஐப்பசிக் கடைசியில், இரவு வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, சீருடையோடும் கழுத்தில் அடையாள அட்டையோடும், மாடிப்படி ஏறப்போனவள் கொல்லைப்பக்கம் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

“ஏனுங்க தாத்தா, கண்வலிப்பூவுங்களா இது? எங்க தோட்டத்துல ஒரு ஏக்கரா இருக்குதுங்க.”

மூலனூரிலும் ஒட்டன்சத்திரத்திலும் காந்தளைக் கம்பிப் பந்தலில் பயிராக்கி, அதன் விதையை மருந்துக்காக ஏற்றுமதி செய்கிறார்கள் என்பதும், வாதநோய்க்குக் கொடுக்கிற கால்சிசின் என்ற மருந்து அந்த விதையிலிருந்து வருகிறது என்பதும் நான் படித்திருந்தேன். படித்ததைச் சொன்னேன். அவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாளே தவிர, கண் பூவைவிட்டு நகரவில்லை.

“காயே காணோமுங்க. தொட்டு வெக்கலீங்களா?”

எதைத் தொட்டு எங்கே வைப்பது என்று கேட்டேன். பதில் சொல்லாமல், சாப்பாட்டுப் பையைப் படியில் வைத்துவிட்டு, கொடியருகே போய், முந்தின நாள் மலர்ந்த ஒரு பூவிலிருந்து ஒரு கேசரத்தைக் கிள்ளி எடுத்தாள். அதன் நுனிப்பை வெடித்து, மஞ்சள் பொடி அவள் விரலில் ஒட்டியது. அடுத்த கொடியில் இருந்த வேறொரு பூவை இடது கையால் ஏந்தி, ஒருபக்கமாக விலகி நீண்டிருந்த அந்தத் தண்டின் நுனியில், மூன்றாகப் பிளந்திருக்கும் இடத்தில், குழந்தைக்குச் சாந்துப்பொட்டு வைப்பதுபோல், ஒருமுறை தொட்டாள். “வெயில் ஏறுறதுக்கு முன்னால தொட்டுறணுமுங்க. எங்கூருல அம்மா, நானு, தங்கச்சி மூணு பேரும் விடிஞ்சா இதே வேலைதானுங்க” என்றாள். இரவு முழுவதும் நின்று வேலை பார்த்துவிட்டு வந்த கண்கள் சிவந்திருந்தன. அன்று மொத்தம் ஒன்பது பூக்களைத் தொட்டுவைத்துவிட்டுத்தான் மாடிக்குப் போனாள். மறுநாளிலிருந்து, வேலை முறை எதுவானாலும், பூ இருக்கும்வரை அவள் வந்து தொட்டாள். நான் பின்னால் நின்று கற்றுக்கொண்டேன்.

அந்தக் கார்த்திகையில் பூக்கள் வாடின, வாடியபின் உதிரவில்லை. சூலகங்கள் பச்சையாக நீண்டு, மிளகாயளவு ஆகி, விரல்கனம் ஆகி, தையில் நிறம் மாறின. பதினான்கு காய்கள். முதற்காய் வெடித்த அன்று அவளை மாடியிலிருந்து கூப்பிட்டுக் காட்டினேன். “எங்கூருக் காய் இதைவிடப் பெருசுங்க” என்றாள்; சற்று யோசித்து, “இது காட்டு வெதையுங்களே” என்றும் சேர்த்துக்கொண்டாள். அந்த விதைகளில் ஒரு பங்கை ஐயனார் தோப்பின் எஞ்சிய பாதியில், மதிலோரச் சருகின் கீழே, நானே கொண்டுபோய் இட்டேன். ஒரு பங்கு சாம்பலில் புரண்டு பரணுக்குப் போயிற்று. இருபது விதையை ஒரு காகிதத்தில் மடித்து அவளிடம் கொடுத்தேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. நெடுஞ்சாலையில் லாரிச் சத்தம் நின்றதை என் நினைவு தெரிந்து அப்போதுதான் முதன்முறையாகக் கேட்டேன். மாடி அறைப் பெண்கள் ஒருவர்பின் ஒருவராக ஊர்போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பெண் பிறகு திரும்பி வரவில்லை, அவளுக்குத் திருமணம் பேசிவிட்டார்கள். ஆவணி மாதத்தில் ஒருநாள், நான் விதைத்தட்டின்மேல் குனிந்து முளைகளை எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில், டெலிபோனில் கூப்பிட்டாள். நலம் விசாரித்தபின், எத்தனை முளைத்தது என்று கேட்டாள். பதினாறு என்றேன். அவளுடையதைக் கேட்டேன். தோட்டத்துப் பந்தலில் போடவில்லை, வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் சருகுக்குள் போட்டிருக்கிறேன் என்றாள்.

“ரெண்டு வந்திருக்குதுங்க தாத்தா. இங்க மழை இன்னும் எறங்கலீங்க.”